கம்பியும் காற்றும் ஒன்றுபட: விதியெழுதும் சபையில் நமது இடம்

தனது பாதையின் அளவைப் பிறர் வகுக்க விட்டுவிடும் தேசம் அதன் கூலியைப் பல தலைமுறைகள் செலுத்த நேரும் என்பதற்கு நமது இருப்புப் பாதைகளே சான்றாகும். டல்ஹௌஸி பிரபு கவர்னர் ஜெனரலாயிருந்த காலத்தில் இந்திய ரயில் பாதைக்கு 5 அடி 6 அங்குல அகலம் விதிக்கப்பட்டது. பின்னர் 1870-இல், மேயோ பிரபுவின் ஆட்சியில், செலவைச் சுருக்கும் பொருட்டு ஒரு மீட்டர் அகலமுள்ள பாதைகளும் போடலாமென்று முடிவாயிற்று. இரண்டு பாதைகளும் சந்தித்த ஜங்ஷன்களில் சாமான்களை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்ற வேண்டியதாயிற்று. நேரமும் வீண், கூலியும் வீண், சரக்குக்கும் சேதம். இக்குறையைத் தீர்க்கச் சுதந்திர இந்தியா 1992-இல் ஒற்றைப் பாதைத் திட்டத்தைத் தொடங்கி, பல்லாயிரம் கிலோமீட்டர் பாதையைப் பெயர்த்துப் போட நேர்ந்தது. விதி எழுதியவன் ஒருவன். அதைத் திருத்தும் செலவை ஏற்றவன் மற்றொருவன்.

இன்று அதே வினா வேறோர் உருவில் நம் முன் நிற்கிறது. செய்தி செல்லும் பாதைகளும் இரண்டாக இருக்கின்றன. அவை சந்திக்கும் ஜங்ஷனுக்கு உரிய விதிகள் உலகில் எழுதப்பட்டு வருகின்றன. ரயில் பாதைக்கு விதி எழுதப்பட்ட நாளில் நாம் அடிமைகளாயிருந்தோம், நம்மைக் கேட்பாரில்லை. இன்று நமக்குச் சபையில் இடமுண்டு. அவ்விடத்தை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி.

இரண்டு வலைகள்

நகரத்து வாசகர் பலரது வீட்டுக்கு இரண்டு பாதைகள் வந்து சேருகின்றன. ஒன்று, சுவரைத் துளைத்து வரும் செப்புக் கம்பி அல்லது பைபர் எனப்படும் கண்ணாடி இழை. அது ரூட்டர் பெட்டியில் முடிகிறது. மற்றொன்று, டவரிலிருந்து காற்றில் வரும் ரேடியோ அலை. அது கையிலுள்ள மொபைலில் முடிகிறது. இரண்டிலும் வருகிற சரக்கு ஒன்றே: கடிதம், பேச்சு, படம், பாடம், பணம். ஆயினும் பின்னாலுள்ள யந்திரங்கள் வெவ்வேறு. கம்பி வழி வருபவரை அவரது கம்பியைக் கொண்டே கம்பெனி அறிந்துகொள்ளக்கூடும். எந்தத் தெருப் பெட்டியில் எந்தத் துவாரத்தில் அவரது இழை பொருந்தியிருக்கிறது என்பதே அவருக்கு அடையாளம். மொபைல் வைத்திருப்பவருக்கு அத்தகைய நிலையான இடமில்லை. சிம் கார்டினுள் பொதிந்துள்ள இரகசியக் குறியே அவருக்குச் சாட்சி. ஆகவே ஒரே குடும்பத்துக்கு இரண்டு பதிவேடுகள், இரண்டு கணக்குகள், இரண்டு காவல்கள், இரண்டு மையங்கள் ஏற்பட்டுவிட்டன.

விதி எழுதிய சபைகளும் இரண்டு. கம்பி வழிப் பிராட்பேண்டுக்கு விதி வகுப்போர் 1994-இல் ஏடிஎஸ்எல் போரம் என்ற பெயரால் கூடினர். அந்தச் சங்கமே 2008 முதல் பிராட்பேண்ட் போரம் என்று வழங்குகிறது. மொபைலுக்கு விதி வகுக்க 1998-இல் ஏற்பட்டது, மூன்றாம் தலைமுறைக் கூட்டுத் திட்டம் என்று பொருள்படும் 3ஜிபிபி. முன்னவர் வீட்டுப் பெட்டியையும் தெருக் கம்பியையும் அறிந்தவர். பின்னவர் டவரையும் சிம்மையும் அறிந்தவர். ஒருவர் பேசும் பாஷை மற்றவருக்குப் பழக்கமில்லை.

இரண்டும் ஏன் சேர வேண்டும்?

இரண்டும் தனித்தனியே நடந்தால் என்ன குற்றம் என்று சிலர் வினவலாம். செலவு முதற் காரணம். ஒரே கம்பெனி இரண்டு மையங்களை வைத்து நடத்தினால், இரட்டைச் செலவும் முடிவில் சந்தாதாரர் தலையிலேயே விழும். இரண்டாவது காரணம் சேவையின் உறுதி. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினக் கரையைத் தாக்கியபோது, தொடர்பு அறுந்தால் ஜனங்கள் படும் பாடு என்னவென்பதைக் காவேரிக் கழிமுகம் கண்டது. ஒரே சந்தாவின் கீழ் கம்பியும் காற்றும் இருக்குமாயின், ஒன்று அறுந்தால் மற்றொன்றுக்குத் தானே திருப்பவும், இரண்டும் உள்ளபோது சுமையைப் பிரித்து அனுப்பவும் கூடும். இதற்கான முறையும் 3ஜிபிபி விதிகளில் வகுக்கப்பட்டுள்ளது.

மூன்றாவது காரணம் நமது நாட்டுக்கே சிறப்பாக உரியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்குப்படி 2025 மார்ச்சு முடிவில் இந்தியாவிலிருந்த பிராட்பேண்ட் சந்தாக்கள் ஏறத்தாழ 94 கோடி. அவற்றுள் கம்பி வழி வந்தவை 4 கோடியைச் சற்றே கடந்தவை. மற்றவையெல்லாம் ஏறக்குறைய முழுவதும் காற்று வழியே வந்தவை. அதாவது, நமது பிரஜைகளில் மிகப் பெரும்பாலோர் ஒற்றைக் காலில் நிற்கின்றனர். 2011-இல் மத்திய மந்திரி சபை அங்கீகரித்த கிராம பைபர் திட்டம், பாரத்நெட் என்ற பெயருடன், சுமார் இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு இழையைக் கொண்டு செல்லப் புறப்பட்டது. 2023 ஆகஸ்டில் அதன் திருத்திய திட்டத்துக்கு 1,39,579 கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 12,525 கிராமப் பஞ்சாயத்துகளை இணைக்கும் பொறுப்பைத் தமிழ்நாடு பைபர்நெட் கார்ப்பரேஷன் ஏற்றிருக்கிறது. ஆனால் பஞ்சாயத்துக் கட்டடத்தில் இழை வந்து நிற்பதும், அதே ஊரில் டவர் தனியே நிற்பதும், இரண்டுக்கும் சம்பந்தமில்லாமற் போவதும் தேசத்தின் பணத்தை இரு வாய்க்கால்களில் விட்டு இரண்டையும் கடைமடைக்கு எட்டாமற் செய்வதாகும்.

உடன்படிக்கை நடந்த விதம்

இரு சபைகளும் சேர்ந்து வேலை செய்த வரலாறு கவனிக்கத் தக்கது. முந்திய தலைமுறைகளில் அவை செய்த முயற்சிகள், இரண்டு மையங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு நடுவே ஒரு பாலம் கட்டும் அளவில் நின்றன. ஐந்தாம் தலைமுறையில் நோக்கமே மாறிற்று. மையம் ஒன்றே, அதற்கு வரும் வாயில்கள் பல என்பது கொள்கையாயிற்று. 5ஜியின் முதல் விதித் தொகுதியாகிய 15-ஆம் வெளியீட்டில் கம்பிப் பாதைக்கு இடம் வகுக்கப்படவில்லை. 2020-இல் முடிவுற்ற 16-ஆம் வெளியீட்டிலேதான், 23.316 என்ற எண்ணுள்ள ஏட்டில், அது சேர்க்கப்பட்டது. அதே 2020-இல் பிராட்பேண்ட் போரமும் தன் பங்குக்கு டிஆர்-470, டிஆர்-456 என்னும் ஏடுகளை வெளியிட்டது.

இதில் பங்கீடு செய்த முறையே பெரிது. மையத்தின் உள்ளமைப்பு 3ஜிபிபியின் எல்லை. வீட்டுப் பெட்டியும் தெருக் கம்பியும் போரத்தின் எல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வாயில் யந்திரம் வேண்டும். அதன் மையப் பக்கம் 3ஜிபிபி விதித்த பாஷையைப் பேசும். வீட்டுப் பக்கம் கம்பிக்காரர் நெடுநாளாகப் பேசிவரும் பாஷையையே பேசும். அந்த யந்திரத்தின் இலக்கணத்தை எழுதும் வேலை போரத்தினிடம் விடப்பட்டது. ஒரு சபை மற்றொன்றின் வேலையைப் பறிக்கவில்லை. தொடர்பு மடல்கள் மூலம் ஐயங்களைத் தீர்த்துக்கொண்டன.

இவ்வாயிலால் ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் ஒரு நன்மையுண்டு. 5ஜி பாஷை தெரிந்த புதிய பெட்டி உள்ள வீடு மையத்தோடு நேரே பேசும். பழைய பெட்டி உள்ள வீட்டுக்காக வாயில் யந்திரமே முன்னின்று பேசிவிடும். ஆகவே மையம் மாறியதென்று சொல்லி நல்ல நிலையிலுள்ள லட்சக்கணக்கான பெட்டிகளைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை. இந்த ஒரு விதி எழுதப்படாதிருந்தால், அப்பெட்டிகளை மாற்றும் பாரம் யார் தலையில் ஏறியிருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

மனம் ஒன்றுபட்ட இடத்திலும் நுணுக்கங்களில் தொல்லை இருக்கவே செய்தது. சிம் இல்லாத பழைய பெட்டியை மையம் எவ்வாறு நம்புவது? கம்பியின் அடையாளத்தையே சந்தாதாரரின் பெயராகக் கொள்வது என்றும், அதைச் சோதித்தறிந்ததாகக் கம்பி வலை கூறும் சாட்சியத்தை மையம் ஏற்பது என்றும் முடிவாயிற்று. வேகத்தை அளப்பது எவ்வாறு? மொபைலில் ஒவ்வொரு செய்தி ஓட்டத்துக்கும் தனி அளவு. கம்பியிலோ வீடு முழுவதற்கும் ஓர் அளவு. எனவே வீட்டின் மொத்த அளவையும் மையம் குறித்துச் சொல்லும் வகை சேர்க்கப்பட்டது. ஒரே டெலிவிஷன் நிகழ்ச்சியைப் பல வீடுகள் பார்க்கும்போது பிரதி ஒன்றை அனுப்பிப் பலருக்குப் பகிரும் கம்பிக்காரர் வழக்கத்துக்கும் இடம் தரப்பட்டது. இவை சில்லறை விஷயங்கள் போலத் தோன்றும். ஆனால் ஐந்தரையடியா, ஒரு மீட்டரா என்பதும் முதலில் சில்லறை விஷயமாகவே தோன்றிற்று.

விதி எழுதப்பட்டதனால் காரியம் முடிந்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை. உலகில் பெரும்பாலான கம்பெனிகள் இன்னும் இரண்டு மையங்களையே நடத்திவருகின்றன. பழைய யந்திரத்தில் போட்ட முதல், தனித்தனி நிர்வாகம், தனித்தனிக் கணக்கு ஆகியவை அவற்றைப் பின்னிழுக்கின்றன. நமது தேசத்திலோ 2023-இல் இரு பெரிய கம்பெனிகள் 5ஜி அலையையே வீட்டுப் பெட்டிக்கு அனுப்பும் சேவையைத் தொடங்கிவிட்டன. கம்பி எது, காற்று எது என்ற வேற்றுமை சந்தாதாரர் கண்ணெதிரே மறைந்து வருகிறது. விதி ஏட்டில் இருக்க, நடப்பு தன் போக்கில் முந்துமாயின், முந்தியவர் வகுத்ததே வழியாகிவிடும்.

சபையில் நமது இடம்

தேசங்கள் கூடித் தந்திக்கு விதி வகுக்க 1865-இல் பாரிஸ் நகரில் ஒரு சங்கம் கண்டன. அதுவே இன்றைய சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம். 1869-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. ஆனால் இந்தியாவின் பெயரால் அங்கே பேசியது அந்நிய ஆட்சியே. 1885-இல் அந்த ஆட்சி இயற்றிய தந்திச் சட்டம் சுதந்திரம் வந்து எழுபத்தைந்து வருஷங்களுக்கு மேலும் நம்மை ஆண்டது. அதற்குப் பதிலாகப் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது 2023-இல்தான். சட்டத்தை மாற்றவே இத்தனை காலம் சென்றதென்றால், யந்திரத்துள் புகுந்துவிட்ட விதியை மாற்றுவது எளிதாகுமா?

3ஜிபிபியை நடத்தும் ஸ்தாபனங்கள் ஏழு. ஜப்பானுக்கு இரண்டும், அமெரிக்கா, ஐரோப்பா, சீனா, கொரியா, இந்தியா ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றும். டிஎஸ்டிஎஸ்ஐ எனப்படும் நமது ஸ்தாபனம் அவற்றுள் ஒன்று. ஆகவே கதவு அடைக்கப்பட்டிருக்கிறதென்று நாம் குறை கூற வழியில்லை.

அவ்விடத்தைப் பயன்படுத்திக்கொண்டதற்கு ஒரு நல்ல உதாரணமும் உண்டு. அயல்நாட்டு அளவுகளின்படி கிராமப்புறத்தில் ஒரு டவருக்கும் அடுத்த டவருக்கும் உள்ள தூரம் 1,732 மீட்டர் என்று கொண்டு 5ஜியைச் சோதித்தனர். நமது கிராமங்களின் நிலை அதுவன்று. தூரம் மிகுதி, பணம் குறைவு. 6 கிலோமீட்டர் இடைவெளியிலும் வேலை செய்ய வேண்டுமென்ற சோதனையைச் சேர்க்குமாறு இந்தியத் தரப்பு வற்புறுத்தியது. 2017-இல் சர்வதேசச் சங்கம் அதை ஏற்றது. சென்னை ஐ.ஐ.டி.யும், சென்னையிலுள்ள கம்பியில்லாத் தொழில்நுட்பச் சிறப்பு மையமும், ஹைதராபாத் ஐ.ஐ.டி.யும் இம்முயற்சியில் உழைத்தன. இந்த உழைப்பிலிருந்து 5ஜிஐ என்னும் தனி விதி பிறந்து, 2021 பிப்ரவரியில் சர்வதேசச் சங்கத்தின் அங்கீகாரமும் பெற்றது.

அதன் பின்பே சிக்கல் எழுந்தது. தேசத்துக்கென்று தனி விதியிருந்தால், அதற்கெனத் தனி மொபைலும் தனி யந்திரமும் செய்ய நேரும். விலை ஏறும் என்று கம்பெனிகள் முறையிட்டன. அவ்வாதத்தில் சுயநலம் கலந்திருந்தாலும் உண்மையும் இருந்தது. தனி விதி மற்றொரு மீட்டர் பாதையாகிவிடக்கூடும். 2021 டிசம்பரில், 5ஜிஐயின் சாரத்தை 3ஜிபிபியின் 17-ஆம் வெளியீட்டில் சேர்ப்பதென்று உடன்பாடு ஏற்பட்டது. இதைத் தோல்வியென்று சிலர் இகழ்ந்தனர். நாம் அங்ஙனம் கருதவில்லை. நமது கிராமத்தின் தேவை உலகப் பொது விதியில் ஏறிற்று; பொது யந்திரத்தின் மலிவும் நமக்குக் கிடைக்கலாயிற்று. பிறர் எழுதியதற்குக் கையொப்பமிடுவதும் சுயராஜ்யமன்று. தனித்து எழுதி மூலையில் வைத்துக்கொள்வதும் சுயராஜ்யமன்று. பொது ஏட்டில் நமது கையெழுத்தும் இருப்பதே சுயராஜ்யம்.

அச்சமும் காவலும்

மையம் ஒன்றானால் ஆபத்தும் ஒன்றாகும் என்பதை மறைப்பது பத்திரிகை தர்மமாகாது. 2022 ஜூலை 8-இல் கனடா தேசத்தில் ரோஜர்ஸ் கம்பெனியின் கம்பிச் சேவையும் மொபைல் சேவையும் ஒருங்கே வீழ்ந்தன. இரண்டின் போக்குவரத்தும் ஒரே மைய வலை வழியே சென்றதால், அங்கே நேர்ந்த ஒரு பிழை ஒரு கோடிக்கு மேற்பட்டோரைத் தொடர்பற்றவர்களாக்கிற்று. அவசர உதவிக்கான அழைப்புகளும் கடைகளில் பணம் செலுத்தும் முறையும் தடைப்பட்டன. அதன் பின்னர் இரண்டு வலைகளையும் பிரித்து வைப்பதாக அக்கம்பெனி அறிவித்தது. ஒற்றுமை வேண்டும், ஆனால் ஒரே தூணில் வீடு முழுவதையும் நிறுத்தலாகாது. மையத்தின் விதி ஒன்றாயிருக்கலாம். அவ்விதியின்படி இயங்கும் யந்திரங்கள் பல ஊர்களில் தனித்தனியே நிற்க வேண்டும்.

மற்றோர் அச்சம் ஏகபோகம். கம்பி, டவர், மையம் ஆகிய மூன்றும் ஒரே கைக்குச் சென்றால், தெருவில் கேபிள் நடத்திப் பிழைக்கும் சிறு தொழிலாளி நிலைப்பாரா? இங்கேதான் பொது விதியின் அருமை விளங்கும். வாயில் யந்திரத்தின் இரு பக்கப் பாஷையும் பகிரங்கமாக எழுதப்பட்டிருப்பதால், ஒரு கம்பெனி செய்த வாயிலை மற்றொரு கம்பெனியின் மையத்தோடு இணைக்க இயலும். சிறு தொழிலாளி தன் இழையைத் தானே வைத்துக்கொண்டு பெரிய மையத்தோடு உடன்படிக்கை செய்துகொள்ளலாம். ஆனால் விதி வழியைக் காட்டுமேயன்றிக் கதவைத் திறந்துவிடாது. திறக்கச் செய்வது சட்டத்தின் கடமை. சட்டத்தைச் செய்விப்பது ஜனங்களின் கடமை.

செய்ய வேண்டுவன

சர்க்காரிடம் நாம் கேட்பவை நான்கு. முதலாவது, பாரத்நெட் முதலிய பொதுப்பணத் திட்டங்களுக்கு யந்திரம் வாங்கும்போது, பகிரங்க விதிகளுக்கு இணங்கியதென்று சோதித்து நிறுவப்பட்டதையே வாங்க வேண்டும். ஒரு கம்பெனியின் அந்தரங்க முறையில் பூட்டப்பட்ட யந்திரத்தை விலை மலிவென்று வாங்குவது பின்னால் பெருஞ்செலவாகும். இரண்டாவது, பஞ்சாயத்துக்கு வந்துள்ள இழையை எந்தக் கம்பெனியின் டவரும், எந்தச் சிறு தொழிலாளியின் வாயிலும் சம உரிமையுடன் பயன்படுத்த வகை செய்ய வேண்டும். மூன்றாவது, 3ஜிபிபியில் மட்டுமன்றி, கம்பிக்கு விதி எழுதும் சபைகளிலும் நமது எஞ்ஜினீயர்கள் தொடர்ந்து அமர வேண்டும். ஒரு கூட்டத்துக்குச் சென்று மறு கூட்டத்துக்குச் செல்லாதவர் சொல் ஏட்டில் ஏறாது. சிறு கம்பெனிகளும் கல்லூரிகளும் இச்செலவைத் தாங்கா. சர்க்கார் தாங்க வேண்டும். நான்காவது, விதிகளுள் பொதிந்த பேடண்ட் உரிமைகளுக்கு நியாயமான, பாரபட்சமற்ற கூலியே வாங்கப்படுகிறதா என்பதைக் கண்காணிக்க வேண்டும்.

காலம் தாழ்க்கலாகாது. ஆறாம் தலைமுறைக்குரிய பொதுச் சட்டகத்தைச் சர்வதேசச் சங்கம் 2023-இலேயே வகுத்துவிட்டது. 3ஜிபிபியில் அதற்கான ஆராய்ச்சி 2025-இல் தொடங்கிற்று. கம்பிக்கும் காற்றுக்கும் உள்ள உறவு என்ன என்ற வினா மறுபடியும் மேஜை மீது வரும். 5ஜியில் கம்பிப் பாதை இரண்டாம் பந்தியில் அமர்த்தப்பட்டது. இம்முறை முதற் பந்தியிலேயே அமர வேண்டும். 2024 அக்டோபரில் சர்வதேசச் சங்கத்தின் தரவிதி மாநாட்டை டில்லியில் வரவேற்று விருந்தளித்தோம். விருந்தளித்தவர் பந்தல் கலைந்ததும் தூங்கிவிடுவது முறையாகாது.

1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்கள், பிறர் கப்பலில் கட்டணம் செலுத்திப் பயணம் செய்வதோடு தேசத்தின் கடமை தீர்ந்ததென்று எண்ணவில்லை. இன்றைய கடலில் கப்பலைவிடத் துறைமுக விதியே பெரிது. அவ்விதியைப் பற்றி ஊர்க்கூட்டத்திலும் கட்சிக் கூட்டத்திலும் பேசுவோர் மிகச் சிலர். இது எஞ்ஜினீயர்கள் விஷயம், நமக்கென்ன என்று தொண்டர்கள் ஒதுங்குகின்றனர். பாதையின் அகலத்தையும் நமது முன்னோர் எஞ்ஜினீயர்கள் விஷயமென்றே விட்டிருந்தனர். அதன் கணக்கை நாம் தீர்த்தோம். நமது பேரப்பிள்ளைகள் தீர்ப்பதற்கு மற்றொரு கணக்கை வைத்துவிட்டுப் போகாமலிருப்போமாக.